தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள்: கலைஞரின் 13 தேர்தல்களை வைத்துப் பார்த்த ஒரு மதிப்பீடு

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ‘ஸ்டாட்டிஸ்டிகல் ரிப்போர்ட்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. வாக்கு எண்ணும் நாளில் நாம் எல்லோரும் கண் கொட்டாமல் பார்க்கும் முடிவுகள் பக்கம் வேறு. இது முதல் பொதுத்தேர்தலில் தொடங்கி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சட்டமன்றப் பொதுத்தேர்தலுக்கும் ஆணையம் தொகுத்து வைத்திருக்கும் அறிக்கைகளின் கிடங்கு. காசு கிடையாது. தொகுதிவாரியாக நின்றவர் எல்லோருடைய பெயரும், கட்சியும், வாங்கிய வாக்கும் இருக்கும். 127 வாக்கு வாங்கி டெபாசிட் போனவர் பெயரும் வென்றவர் பெயரும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்து அளவில் இருக்கும். பொதுமக்களுக்கு அரசு தரும் சேவைகளில் இதைப் போல மதிப்புள்ளது குறைவு என்பது என் முடிவு. அதே நேரத்தில், தமிழ்நாட்டு வாக்காளருக்கு இது இன்னும் பாதி வழிதான் வந்து சேர்ந்திருக்கிறது.

நான் குளித்தலைக்காரன். வருவாய்த் துறையில் தேர்தல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாக்காளர் பட்டியல், பாகம் எண், வாக்குச்சாவடி, எண்ணும் மேசை என்றே பாதி ஆயுள் போயிற்று. இப்போது அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழக அரசியல் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பாடத்துக்காகத்தான் இந்த அறிக்கைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் படித்தேன். ஒரு சேவையைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் நீளமான ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கலைஞர் மு. கருணாநிதியின் தேர்தல் வாழ்க்கையைவிடப் பொருத்தமானது எது? 1957-லிருந்து 2016 வரை 13 தேர்தல், 7 தொகுதி, ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர். பெட்டியில் சீட்டுப் போட்ட காலம் முதல் மின்னணு இயந்திரத்தில் ‘நோட்டா’ பொத்தான் வந்த காலம் வரை ஒரே மனிதரைப் பின்தொடர்ந்து போகலாம். எங்கள் ஊரில் தொடங்கிய கணக்கு என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

1957 அறிக்கையைத் தேடும்போது முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் 1957, 1962, 1967 அறிக்கைகளின் தலைப்பில் மெட்ராஸ் என்றே இருக்கும். அதைத் திறந்து குளித்தலைக்குப் போனால், கருணாநிதி 22,785 வாக்கு, காங்கிரஸின் கே.ஏ. தர்மலிங்கம் 14,489. வித்தியாசம் 8,296. இதில் வியப்பில்லை. ஆனால் கலைஞர் பெயருக்கு நேரே கட்சி இருக்க வேண்டிய இடத்தில் சுயேச்சை என்று இருக்கிறது!

என் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் அறிக்கையே தப்பு என்றார்கள். தப்பில்லை. தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்றது 1957-ல். ஆணையத்தின் அங்கீகாரம் கிடைத்தது 1958-ல். ஆக அறிஞர் அண்ணாவும், பேராசிரியர் அன்பழகனும், கலைஞரும் அந்த அறிக்கையில் சுயேச்சைகளின் கூட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். அந்தத் தேர்தலில் 15 பேர் உள்ளே போனோம் என்று கட்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அறிக்கையின் கட்சிவாரி அட்டவணையில் அந்த 15-ஐத் தேடினால் கிடைக்காது. தொகுதி தொகுதியாகப் பெயரை வைத்துத்தான் பொறுக்க வேண்டும். ஆவணம் ஆவணமாக இருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். பின்னாளில் பெரிய கட்சியானது என்பதற்காக யாரும் பழைய பதிவைத் திருத்தி எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1957-ல் இன்று இருப்பதுபோல வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சிட்ட வாக்குச்சீட்டு கிடையாது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். யாருக்குப் போட வேண்டுமோ அவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். எங்கள் தாலுகாவில் நங்கவரம் பண்ணை விவசாயிகள் கொதித்துக் கிடந்த சமயம் அது. வென்று போன 32 வயது உறுப்பினர் 1957 மே 4-ஆம் தேதி பேரவையில் பேசிய முதல் பேச்சே நங்கவரம் விவசாயிகள் பிரச்சினையைப் பற்றித்தான். 22,785 என்ற எண்ணுக்குள் அந்த வயற்காட்டு ஆட்களும் இருக்கிறார்கள். அறிக்கை அதைச் சொல்லாது, சொல்ல வேண்டிய வேலையும் அதற்கில்லை. பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எண்ணுக்கு உயிர் வரும்.

1962-ல் தஞ்சாவூர். 32,145-க்கு 30,217, எதிரில் காங்கிரஸின் பரிசுத்த நாடார். வித்தியாசம் 1,928. இதே அறிக்கையில் காஞ்சிபுரத்தையும் பாருங்கள், அண்ணா அங்கே தோற்றிருப்பார். தலைவர் தோற்ற தேர்தலில் இவர் தொகுதி மாறிப் போய் வென்றார் என்பதை இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் முழுதாக உணர முடிகிறது. 1967-லும் அப்படித்தான். சைதாப்பேட்டையில் 20,482 வாக்கு வித்தியாசத்தில் இவர் வென்ற அதே தேர்தலில் காமராஜர் விருதுநகரில் 1,285 வாக்கில் தோற்றார். 1971-ல் மறுபடி சைதாப்பேட்டை, எதிரில் குடந்தை ராமலிங்கம், வித்தியாசம் 12,511. 1977-ல் அண்ணா நகர், வித்தியாசம் 16,438. அந்தத் தேர்தலில்தான் எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பிடித்தார்.

இனி 1980. இந்தச் சேவை எதற்காக இருக்கிறது என்று கேட்பவருக்கு நான் காட்டும் பக்கம் இதுதான்.

அண்ணா நகர். தி.மு.க. மு. கருணாநிதி 51,290. அ.தி.மு.க. எச்.வி. ஹண்டே 50,591. வித்தியாசம் 699.

கழித்துப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசியுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேலான வாக்கு. அதில் 350 பேர் முத்திரையை அடுத்த சின்னத்தில் குத்தியிருந்தால் கலைஞர் ஒரே ஒரு வாக்கில் தோற்றிருப்பார். தோல்வியே காணாதவர் என்று நாம் இன்று சொல்லும் அந்தச் சொல் அன்றோடு முடிந்திருக்கும். 350 பேர் என்பது ஒரு வாக்குச்சாவடிக்கு வெயிலுக்கு முன்னால் காலையில் வந்துவிட்டுப் போகிற கூட்டம், அவ்வளவுதான். ஹண்டே பின்னர் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சராக இருந்தவர். சாதாரண எதிராளி இல்லை.

அது வாக்குச்சீட்டைக் கையால் எண்ணிய காலம். சீட்டுகளைப் பிரித்துக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டையும் முகவர்களுக்குக் காட்டி, கோட்டில் விழுந்த முத்திரையை அலுவலர் தூக்கிப் பிடித்துச் செல்லும், செல்லாது என்று சொல்வதற்குள் மண்டபமே எழுந்து நிற்கும். சீட்டு எண்ணிக்கை நடந்த மண்டபத்தில் வேலை பார்த்தவனுக்கு 699 என்றால் என்ன என்று தெரியும். இரவெல்லாம் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அறிக்கையில் தொகுதியின் மொத்த வாக்காளர், வாக்களித்தவர், செல்லாத வாக்கு எல்லாம் தொகுதிச் சுருக்கப் பக்கத்தில் தனியாக இருக்கும். முடிவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல் அந்தப் பக்கத்தையும் புரட்டுங்கள். வித்தியாசம் குறைவாக இருக்கிற தொகுதிகளில் செல்லாத வாக்கையும் சேர்த்துப் பார்க்காமல் கதை முடியாது.

1984 அறிக்கையில் கலைஞரைத் தேடினால் எந்தத் தொகுதியிலும் இல்லை. இங்கேதான் இந்தச் சேவையின் எல்லை தெரிகிறது. ஈழத்தமிழர் பிரச்சினைக்காக 1983-ல் அவரும் பேராசிரியரும் பேரவைப் பதவியை ராஜினாமா செய்தார்கள். அடுத்த ஆண்டு கலைஞர் மேலவை உறுப்பினரானார். 1986 நவம்பரில் மேலவையே கலைக்கப்பட்டது. இதில் ஒரு வரிகூட இந்த அறிக்கைகளில் கிடையாது, ஏனென்றால் இவை பேரவைப் பொதுத்தேர்தலின் அறிக்கைகள். வெறும் அறிக்கையை மட்டும் நம்பிப் படிக்கிற பிள்ளை 1980-க்கும் 1989-க்கும் நடுவே அவர் அரசியலிலேயே இல்லை என்று எழுதிவிடும்.

1991-ம் அப்படித்தான். துறைமுகத்தில் 30,932-க்கு 30,042, எதிரில் காங்கிரஸின் கே. சுப்பு. வித்தியாசம் 890. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நடந்த தேர்தல், தி.மு.க. கிட்டத்தட்ட துடைத்தெடுக்கப்பட்ட தேர்தல். அதில் தப்பிப் பிழைத்த அந்த 890-ஐயும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார். அறிக்கையில் வென்றவர் என்று அவர் பெயர் நிற்கும். அவர் அந்த அவையில் உட்காரவில்லை என்பது தெரியாது. இடைத்தேர்தல் விவரமும் பொதுத்தேர்தல் அறிக்கைக்குள் வராது, தனியாகத் தேட வேண்டும்.

1989-ல் அதே துறைமுகத்தில் 31,991 வித்தியாசம், 1996-ல் சேப்பாக்கத்தில் 35,784. இவை அலை அடித்த ஆண்டுகள்; சொல்ல அதிகமில்லை. 1996-ல் எதிரில் நின்றவர் தமிழ்க்கடல் நெல்லை கண்ணன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மேடைத்தமிழில் இரண்டு பெரிய பேச்சாளர்கள் ஒரே தொகுதியில் மோதியிருக்கிறார்கள் என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்கு அது ஒரு தனிச் சந்தோஷம். அறிக்கையில் அவர் பெயர் ஆங்கிலத்தில், 10,313 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், எந்த விளக்கமும் இல்லாமல் கிடக்கிறது.

2001-ல் சேப்பாக்கத்தில் 29,836-க்கு 25,002, வித்தியாசம் 4,834. தமிழ்நாடு முழுக்க எல்லாத் தொகுதியிலும் மின்னணு இயந்திரத்தில் வாக்குப்பதிவு நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல் அது. கோட்டில் முத்திரை விழுந்த வழக்கெல்லாம் அத்தோடு போயிற்று. 2006-ல் 34,188-க்கு 25,662. வித்தியாசம் 8,526. அந்த முறை எதிராளி தாவூத் மியாகான் பெயருக்கு நேரே சுயேச்சை என்று இருக்கிறது. கட்சிப் பத்தியை மட்டும் பார்த்துக் கூட்டணிக் கணக்கு போடாதீர்கள் என்று என் பிள்ளைகளிடம் சொல்வதற்கு 1957-ஐயும் 2006-ஐயும்தான் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்.

2008 தொகுதி மறுசீரமைப்பில் சேப்பாக்கம் தனியாக இல்லாமல் திருவல்லிக்கேணியோடு சேர்ந்துவிட்டது. கலைஞர் சொந்த மண்ணான திருவாரூருக்குப் போனார். 2011-ல் 50,249 வித்தியாசம், 2016-ல் 1,21,473 வாக்கு, 68,366 வித்தியாசம். அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிக வித்தியாசம் அதுதான். வயது 91. குளித்தலைப் பெட்டிகளில் விழுந்த 22,785-ஐயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது. அவருடைய அரசியலில் உடன்படாதவர்களுக்கும் இந்த நீளம் பிரமிப்பாகத்தான் இருக்கும்.

பிந்தைய தேர்தல்களுக்கு இன்னும் இரண்டு சேவைகள் கூடச் சேர்ந்து வருகின்றன. ஒன்று, வேட்பாளர் பிரமாணப் பத்திரம், படிவம் 26. சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் வேட்பாளரே சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்த நல்ல காரியம். 2003-க்கு முந்தைய தேர்தல்களுக்கு இது கிடையாது. இன்னொன்று படிவம் 20. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும் இறுதி முடிவுத் தாள். என் மனதுக்கு நெருக்கமானது இதுதான், நான் நிரப்பிய படிவம் அல்லவா. இடது ஓரத்தில் வாக்குச்சாவடி எண். அப்புறம் வேட்பாளருக்கு ஒரு கட்டம், நோட்டாவுக்கு ஒரு கட்டம், கடைசியில் மொத்தம். ஒரு வரி ஒரு சாவடி. அடியில் இயந்திர வாக்குக் கூட்டல், அதற்குக் கீழே தபால் வாக்கு, அதற்கும் கீழே பெருந்தொகை. மேலிருந்து கீழே கூட்டியதும் இடமிருந்து வலம் கூட்டியதும் ஒன்றாக வந்தால்தான் கையெழுத்து. உங்கள் தெரு எந்தச் சாவடி என்று தெரிந்தால், உங்கள் தெரு எப்படி வாக்களித்தது என்று வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஒரு சட்டமன்ற உறுப்பினர் எந்தக் கிராமத்தை மறந்தார், எந்தக் கிராமம் அவரை மறந்தது என்று இந்தத் தாளில் தெரிகிற அளவுக்கு வேறெங்கும் தெரியாது.

குறை சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இந்தப் புள்ளிவிவர அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வாக்காளர் பட்டியலைத் தமிழில் அச்சடித்துத் தருகிறோம். வாக்குச்சீட்டில் பெயர் தமிழில் இருக்கிறது. இயந்திரத்தில் ஒட்டும் தாளும் தமிழில். வாக்குப் போடுகிற வரைக்கும் தமிழ், போட்ட பிறகு அதன் வரலாறு மட்டும் ஆங்கிலம் என்றால் எப்படி? நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு தேர்தலுக்கு ஒரு மாதிரி வரும். முன்னெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும். பெயரைத் தட்டித் தேடினால் ஒரே மனிதர் நாலு மனிதராவார். தொகுதி எண்ணை வைத்துத் தேடலாம் என்றால், அதுவும் மறுசீரமைப்புக்கு மறுசீரமைப்பு மாறும். இன்று குளித்தலை 137, திருவாரூர் 168. பழைய அறிக்கையில் அந்த எண்ணில் வேறு ஊர் இருக்கும்.

தமிழில் பெயர்களையும், கட்சிப் பெயரின் விரிவையும், இடைத்தேர்தல் விவரத்தையும் சேர்த்து ஒரே பக்கத்தில் ஒரு தொகுதியின் முழு வரலாறும் வருகிற மாதிரி செய்தால் போதும். பெரிய செலவு பிடிக்கிற வேலை இல்லை. எண்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. இதை நான் மனப்பூர்வமாகக் கேட்கிறேன். தன் தொகுதியில் 1952 முதல் யார் நின்றார், யார் வென்றார், எத்தனை வாக்கில் என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை தன் மொழியில் படிக்க முடிய வேண்டும். இப்போதைக்கு குளித்தலைக்கு மட்டும் நானே ஒரு அட்டவணை தமிழில் தயார் செய்து வகுப்பில் ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் முதலில் தேடுவது 1957 வரியைத்தான்.

மதிப்பெண் என்று கேட்டால் ஐந்துக்கு நான்கு. நம்பகத்தன்மைக்கு முழு மதிப்பெண், மொழிக்கு ஒன்று குறைத்தேன்.

புதிதாக முயல்பவர்களுக்கு: செல்போனில் திறக்காதீர்கள், அட்டவணைகள் அகலமானவை, எந்த எண் யாருக்கு என்று கண் தடுமாறும். கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வரும் கட்சிக் குறியீட்டுப் பட்டியலை அச்செடுத்துப் பக்கத்தில் வையுங்கள், இல்லையென்றால் காங்கிரஸின் பல பிரிவுகளுக்குள் சிக்கிக்கொள்வீர்கள். பிறகு உங்கள் தொகுதியின் விரிவான முடிவுகளுக்குப் போங்கள். 1977-லிருந்து தொடங்கினால் சுலபம். அதற்கு முந்தையவற்றிலும், 2008 மறுசீரமைப்புக்குப் பிந்தையவற்றிலும் தொகுதியின் எல்லை வேறாக இருக்கும், உங்கள் ஊர் அன்று பக்கத்துத் தொகுதியில் இருந்திருக்கலாம். அங்கேயும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.